இரக்கம் காட்டியவன் விழுந்தான்

தொலைக்காட்சித் தொடர்கள் நீள நீளச் சாரமிழக்கும் என்பது நம் இல்லங்களில் எவரும் சொல்லித்தர வேண்டாத பாடம். தொடக்கத்தில் ஒரு கதை இருக்கும். நூறு நாள் கடந்தால் கதை மெலிந்து, கண்ணீரும் பின்னணி இசையுமே மிஞ்சும். இருநூறாம் நாளில், விபத்தில் மாண்டதாக நாம் அழுது முடித்த ஒருவர் வேறொரு நடிகரின் முகத்தோடு வீடு திரும்புவார். அதையும் பொறுத்துக்கொண்டு பார்ப்பவர்கள் நம் தாய்மார்கள். அவர்களது பொறுமையைப் பற்றி யாரேனும் தனிக்கட்டுரை எழுதலாம்.

இந்தப் பொது விதிக்கு விலக்காக ஒரு தொடரை அண்மையில் முழுவதும் பார்த்து முடித்தேன். அதுவும் கராத்தேச் சண்டைத் தொடர். ‘கோப்ரா காய்’ என்று பெயர். பெயரைக் கேட்டதும் என் மனைவி, “அது என்ன காய்? எந்தச் சந்தையில் விற்கிறது?” என்று கேட்டார். ஜப்பானிய மொழியில் ‘காய்’ என்றால் சங்கம், கூட்டம் என்று பொருள். நல்லபாம்புச் சங்கம் என்று நாம் தமிழில் சொல்லிக்கொள்ளலாம். 2018 மே மாதத்தில் தொடங்கி 2025 பிப்ரவரியில் நிறைவுற்ற இத்தொடர் ஆறு பருவங்களாக, 65 பகுதிகளாக வெளிவந்தது. ‘சீசன்’ என்று அவர்கள் வழங்குவதையே பருவம் என்கிறேன். முதல் இரு பருவங்கள் யூடியூப் நிறுவனத்தின் கட்டணச் சேவையிலும், 2021 முதல் எஞ்சியவை நெட்ஃபிளிக்ஸிலும் வெளிவந்தன.

ஆன்மீகச் சிந்தனைக்குரிய இதழில் அடிதடிக்கு என்ன வேலை என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வி. வசைச் சொற்களும் வன்முறையும் மலிந்த தொடர் இது. சிறு பிள்ளைகளைத் தனியே பார்க்க விடுவதற்கு உரியதன்று. ஆயினும் இத்தொடரின் நடுவில் நிற்கும் சொல் ‘இரக்கம்’. அந்தப் பயிற்சிக்கூடத்தின் சுவரில் எழுதியிருக்கும் மூன்று கட்டளைகளில் முதலாவது, முந்திக்கொண்டு அடி என்பது. இரண்டாவது, பலமாக அடி என்பது. மூன்றாவது, இரக்கம் காட்டாதே என்பது. மலைப்பொழிவைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தாற்போன்ற இந்த மூன்றாம் கட்டளையை அழிக்க ஒரு மனிதனுக்கு எத்தனை காலம் ஆகும் என்பதுதான் கதை.

முன்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1984இல் ‘தி கராத்தே கிட்’ என்னும் திரைப்படம் வெளிவந்தது. அதன் திரைக்கதையை எழுதியவர் ராபர்ட் மார்க் கேமன். 1964ஆம் ஆண்டு நியூயார்க் உலகக் கண்காட்சிக்குச் சென்ற இளம் வயதில் ஒரு கும்பலிடம் அடிபட்டவர் அவர். திருப்பி அடிக்க வேண்டும் என்ற வெறியோடு தற்காப்புக் கலை கற்கப் போனார். முதலில் வாய்த்த ஆசிரியர் வன்முறையையே போதித்தார். பின்னர் ஒக்கினாவாத் தீவின் மரபில் வந்த வேறொரு வழியைத் தேடிச் சென்றார். ஒரே கலை, இரு ஆசிரியர்கள். அந்த அனுபவமே படமாயிற்று. படத்தில் டேனியல் என்னும் ஏழைச் சிறுவனுக்கு மியாகி என்னும் முதியவர் ஆசானாக வாய்க்கிறார். மறுபக்கம், நல்லபாம்புச் சங்கத்தில், ஜானி லாரன்ஸ் என்னும் இளைஞனுக்கு ஜான் கிரீஸ் என்னும் போர்வீரர் ஆசான். இறுதிப் போட்டியில், டேனியலின் அடிபட்ட காலையே குறிவைத்து வாரிவிடுமாறு கிரீஸ் தம் மாணவனுக்கு ஆணையிடுகிறார். அப்போது ஜானியின் முகத்தில் ஒரு நொடித் தயக்கம் தோன்றி மறைகிறது. பிறகு ஆசானின் சொல்லுக்குப் பணிகிறான், ஆனாலும் தோற்கிறான்.

அந்த ஒரு நொடித் தயக்கத்தைப் பிடித்துக்கொண்டு, 34 ஆண்டுகள் கழித்து மூன்று எழுத்தாளர்கள் ஒரு தொடரைக் கட்டினார்கள்: ஜாஷ் ஹீல்ட், ஜான் ஹர்விட்ஸ், ஹேடன் ஸ்லாஸ்பர்க். பழைய நடிகர்கள் வில்லியம் சப்காவும் ரால்ஃப் மாச்சியோவும் நரை கலந்த தோற்றத்தோடு அதே வேடங்களில் வந்தார்கள். வென்ற டேனியல் கார் விற்பனையில் செழித்திருக்கிறார். தோற்ற ஜானி குடிக்கு அடிமையாகி, கூலி வேலையும் இழந்து, பெற்ற மகனோடு பேச்சுவார்த்தை இன்றிக் கிடக்கிறார். அண்டை வீட்டுச் சிறுவன் மிகேலை நாலைந்து பேர் அடிப்பதைக் கண்டு ஒருநாள் குறுக்கே பாய்கிறார். அதன் விளைவாகப் பழைய பயிற்சிக்கூடத்தைத் தாமே மீண்டும் திறக்கிறார். சுவரில் அதே மூன்று கட்டளைகள்.

முதல் பருவம் சிரிக்க வைக்கும். ஜானிக்குத் தெரிந்த உலகம் 1984இலேயே நின்றுவிட்டது. கணினியும் கைப்பேசியும் அவருக்கு விளங்குவதில்லை. தமக்கே வழி தெரியாத குரு பின்னால் ஒரு கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டு போகும் காட்சியைக் காண எனக்கு நம் மண்ணின் ஒரு நூலே நினைவுக்கு வந்தது. இத்தாலியிலிருந்து வந்து, நம் அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சியில் அடைக்கல அன்னையின் நிழலில் பணியாற்றிய வீரமாமுனிவர் எழுதிய ‘பரமார்த்த குருவின் கதை’. மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்னும் ஐந்து சீடர்களையும் அவர்களுக்கேற்ற குருவையும் படைத்த அத்துறவி, குருவின் அறியாமை சீடரைத் தொற்றும் என்பதை நகைச்சுவையாகவே சொன்னார். ‘தேம்பாவணி’ பாடிய அதே கை எழுதியது அது. நம்மவர் பலர் முனிவரின் காவியத்தை வணங்கிவிட்டு, கதையைக் குழந்தைகளுக்கு என்று ஒதுக்கிவிடுகிறார்கள். ஆசிரியப் பணியில் நெடுநாள் இருந்த எனக்கு அந்தக் கதையைப் படிக்கையில் சிரிப்போடு சற்று அச்சமும் வருவதுண்டு.

ஆகவே முதல் பருவம் நன்றாக இருந்தது. ஆனால் சிறியதாக இருந்தது. 1984இல் யார் பக்கம் நியாயம் என்று இரு நடுவயதினர் வழக்காடுவதற்கு மேல் அதில் அதிகமில்லை. இரண்டாம் பருவத்தின் பெரும்பகுதியும் இரு பயிற்சிக்கூடங்களின் போட்டியாகவே ஓடியது. அதன் கடைசிப் பகுதியில்தான் தொடர் தன் உண்மையான பொருளைக் கண்டடைந்தது.

அதற்குள் ஜானி ஓரளவு மாறியிருக்கிறார். போட்டியில் மிகேல், அடிபட்ட தோளைக் குறிவைத்து எதிராளியை வீழ்த்தியது அவரை உறுத்துகிறது. அந்த எதிராளி வேறு யாருமல்லன், அவருடைய சொந்த மகன் ராபி. கீழே கிடப்பவனிடம் இரக்கம் வேண்டும் என்று தயங்கித் தயங்கித் தம் மாணவனுக்குச் சொல்லத் தொடங்குகிறார். பள்ளி திறக்கும் முதல் நாள், வளாகம் முழுதும் சண்டை மூள்கிறது. மேல்மாடியில் மிகேல் ராபியை வீழ்த்தி அழுத்திப் பிடித்திருக்கிறான். ஓங்கிய கையை ஆசானின் புதிய சொல் தடுக்கிறது. பிடியைத் தளர்த்தி, வருத்தமும் தெரிவிக்கிறான். அந்தக் கணத்தில் ராபி எழுந்து உதைக்கிறான். மிகேல் கைப்பிடிக்கு மேலாகச் சரிந்து, கீழே படிக்கட்டின் கம்பியில் முதுகு மோத விழுகிறான்.

இரக்கம் காட்டியவன் விழுந்தான். காட்டாதவன் நின்றான். பருவம் முடிந்தது.

என் மகள்வழிப் பேரனுக்குப் பதின்மூன்று வயது. பெரம்பலூரில் படிக்கிறான். அவனைப் பள்ளியில் பெரிய வகுப்பு மாணவன் ஒருவன் சில மாதங்கள் மிரட்டி, தின்பண்டத்தைப் பறிப்பதும் பையைத் தூக்கி எறிவதுமாக இருந்தான். மருமகன் இவனைக் கராத்தே வகுப்பில் சேர்த்தார். நம் ஊர்ப்புறங்களில் இன்று மாலை வேளைகளில் திடல்தோறும் வெள்ளைச் சீருடைப் பிள்ளைகள் வரிசையாய் நின்று காற்றைக் குத்துகிறார்கள். ‘அடிச்சா திருப்பி அடி’ என்பது தந்தையின் கட்சி. ‘ஒதுங்கிப் போய்விடு, சாமி பார்த்துக்கொள்ளும்’ என்பது தாயின் கட்சி. இருவருக்கும் நடுவில் பிள்ளை. அவன்தான் கோடை விடுமுறையில் எங்கள் வீட்டுக்கு வந்தபோது இந்தத் தொடரை எனக்கு அறிமுகப்படுத்தியவன். வெங்காயப் பட்டறைக்குப் பக்கத்துத் திண்ணையில், அவனுடைய தந்தையின் கைப்பேசியில், ஆங்கிலத்தை அவன் எனக்கும் அவனுடைய ஆச்சிக்கும் விளக்க, இரவு இரவாகப் பார்த்தோம்.

மிகேல் விழுந்த இரவில் அவன் நெடுநேரம் பேசவில்லை. பிறகு கேட்டான்: “தாத்தா, அவன் அன்னைக்கு விடாம அடிச்சிருந்தா, விழுந்திருக்க மாட்டான்ல?”

நான் பல ஆண்டுகள் மறைக்கல்வி வகுப்பு நடத்தியவன். எத்தனை முறை மன்னிக்க வேண்டும் என்று பேதுரு ஆண்டவரிடம் கேட்ட பகுதியைச் சொல்லிக் கொடுக்கும்போதெல்லாம் பிள்ளைகள் எழுபதை ஏழால் பெருக்கி விடை சொல்லிவிடுவார்கள். ஒரு சிறுவன் குறிப்பேட்டில் வழிமுறையோடு கணக்குப் போட்டு 490 என்று அடிக்கோடிட்டுக் கொண்டு வந்தான். அந்தக் கணக்கில் ஒருபோதும் வராத கேள்வி இது. மன்னித்ததால் ஒருவன் முதுகெலும்பு முறிந்து கிடக்கிறான் என்றால் என்ன சொல்வது? சிலுவையைச் சுட்டிக்காட்டலாம். ஆனால் பதின்மூன்று வயதில் தினமும் பள்ளிப் பேருந்தில் அதே பெரிய பையனோடு ஏறி இறங்க வேண்டியவனுக்குச் சிலுவையை உடனே நீட்டிவிடுவது, சுமக்காதவன் சுமப்பவனுக்குச் சொல்லும் அறிவுரையாகிவிடும். அடுத்த பருவத்தையும் பார்ப்போம் என்று மட்டும் சொன்னேன்.

உண்மையில் அந்தக் கேள்வியைத்தான் தொடரும் தன்னிடமே கேட்டுக்கொண்டது என்று பிறகு விளங்கியது. மூன்றாம் பருவம் முதல் அது மேம்பட்டதற்கு நான் காணும் காரணமும் இதுவே. திரைப்படத்துக்கு இரண்டு மணி நேரமே உண்டு. அதில் குற்றம் செய்தவன் ஒரு காட்சியில் அழுதால் அடுத்த காட்சியில் அவனை மன்னித்துவிடலாம், நேரமில்லை. நம் ஒப்புரவு அருட்சாதனத்தில் மனவருத்தமும் பாவ அறிக்கையும் உண்டு. அவற்றோடு பரிகாரமும் உண்டு. முன்னவை சில நிமிடங்களில் நிகழலாம். பரிகாரம் அப்படியன்று. திருடியதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கெடுத்த பெயரைச் சீராக்க வேண்டும். உடைத்ததை ஒட்டவைக்க முடியாவிட்டால் ஒட்டாத துண்டுகளோடு வாழப் பழக வேண்டும். அதற்குக் காலம் வேண்டும். ஆறு பருவமும் ஏழு ஆண்டும் இத்தொடருக்கு அந்தக் காலத்தைக் கொடுத்தன. பிள்ளைகளாக நடிக்க வந்தவர்கள் நம் கண்ணெதிரே மீசை முளைத்து வளர்ந்துவிட்டார்கள். செய்த குற்றமும் அவர்களோடு சேர்ந்து வளர்ந்து முதிர்வதைப் பார்க்கிறோம்.

மூன்றாம் பருவத்தில் மிகேல் கால் உணர்விழந்து கிடக்கிறான். ராபி இளஞ்சிறார் சீர்திருத்த இல்லத்தில் இருக்கிறான். ஜானிக்கு இருபக்கமும் வலி. மருத்துவமனையில் கிடப்பவன் மாணவன், சிறையில் இருப்பவன் மகன்; இருவரும் அவருடைய பாடத்தால் கெட்டவர்கள். சிறுவனை நடக்கவைக்க அவர் செய்யும் கோமாளித்தனங்கள் சிரிப்பை வரவழைக்கும். ஆயினும் அவற்றில் ஒரு தந்தையின் தவிப்பு இருக்கிறது. கடைசியில் ஓர் இசை நிகழ்ச்சிக்குத் தூக்கிச் செல்கிறார். அங்கே இசைக்கு ஏற்ப மிகேலின் பாதம் தானாக அசைகிறது. மருத்துவர்களின் அறுவை சிகிச்சையும் இருந்தது, அதை மறந்துவிடலாகாது. ஆனாலும் அந்தப் பாதத்தைப் பார்த்து என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதே பருவத்தில் டேனியல் தம் ஆசானின் ஊராகிய ஒக்கினாவாவுக்குப் போகிறார். 1986இல் வந்த இரண்டாம் திரைப்படத்தில் அவரைக் கொல்ல முயன்ற சோஸன் என்பவர் அங்கே இருக்கிறார். அன்று டேனியல் அவரை வீழ்த்தினார். கொல்லும் வாய்ப்பு இருந்தும் கொல்லாமல், குழந்தையிடம் விளையாடுவதுபோல் மூக்கைப் பிடித்துக் கிள்ளிவிட்டு நகர்ந்தார். அந்தக் கிள்ளலின் வெட்கத்தைச் சோஸன் பல பத்தாண்டுகள் சுமந்திருக்கிறார். இப்போது இருவரும் மோதுகிறார்கள். நம் குமரிப் பகுதியின் வர்மக் கலையை ஒத்த ஒரு நுட்பத்தால் டேனியலின் கைகளைச் செயலற்றுப் போகச் செய்து மண்டியிட வைக்கிறார் சோஸன். முகத்தில் கொலைவெறி. கை ஓங்குகிறது. பிறகு டேனியலின் மூக்கைப் பிடித்துக் கிள்ளிவிட்டு உரக்கச் சிரிக்கிறார்.

இத்தொடரின் ஆகச் சிறந்த காட்சி இது என்பது என் துணிபு. பட்ட இரக்கத்தை முப்பத்தைந்து ஆண்டு கழித்து அதே நாணயத்தில் திருப்பிச் செலுத்துகிறார். நம் வர்ம ஆசான்கள், அடங்க வைக்கும் இடத்தை ஒருவனுக்குக் காட்டுமுன் இளக்கும் முறையையும் கற்பிப்பார்கள் என்று சொல்வதுண்டு. சினம் அடங்காத மாணவனுக்கு அதைக் காட்டுவதே இல்லை என்றும் சொல்வார்கள். சோஸன் இரண்டையும் அறிந்தவராக இருக்கிறார். இந்தப் பழைய பகைவர், பின்வந்த பருவங்களில் டேனியலின் உற்ற நண்பராகி, தொடரின் நகைச்சுவைக்கும் கண்ணியத்துக்கும் பாதிப் பொறுப்பை ஏற்றுக்கொண்டுவிட்டார். யூஜி ஒக்குமோட்டோ என்னும் அந்த நடிகர் இல்லையேல் ஐந்தாம் பருவம் பாதி எடை குறைந்திருக்கும்.

கிரீஸின் இளமையும் மூன்றாம் பருவத்தில்தான் விரிகிறது. உணவகத்தில் தட்டு ஏந்திய, பிறரால் இழிவுபடுத்தப்பட்ட ஓர் இளைஞன். வியட்நாம் போருக்குப் போகிறான். அங்கே அவனுடைய படைத்தலைவர் அவனுக்கு இரக்கமின்மையைப் பாடமாகச் சொல்லித் தருகிறார். பகைவர் சிறையில், பாம்புகள் நெளியும் குழிக்கு மேல், அந்தத் தலைவரோடேயே மோத நேரிடுகிறது. மாணவன் பாடத்தை நன்றாகக் கற்றிருந்தான்; தலைவர் குழிக்குள் விழுகிறார். கெட்டவனுக்கு ஒரு சோகக்கதை கொடுத்து அவனை நல்லவனாக்கிவிடும் மலிவான உத்தியாக இது முடிந்திருக்கலாம். முடியவில்லை. கிரீஸ் செய்தவற்றுக்குச் சாக்காக அல்லாமல், சுவரில் எழுதியிருந்த மூன்றாம் கட்டளைக்கு ஒரு தலைமுறை வரிசை காட்டுவதற்காகவே இக்கதை வருகிறது. படைத்தலைவர் கிரீஸுக்குக் கொடுத்தார், கிரீஸ் ஜானிக்கு, ஜானி மிகேலுக்கு.

நான்காம் பருவம் அந்த வரிசையில் ஒரு கண்ணியைக் கூட்டுகிறது. மிகேலை உதைத்துத் தள்ளிய ராபி, இப்போது பெரியவனாகி, பிறரால் துன்புறும் கென்னி என்னும் சின்னஞ்சிறுவனைத் தன் சிறகுக்குள் எடுத்துக்கொள்கிறான். நல்ல எண்ணத்தோடுதான். தனக்குக் கிடைக்காத அண்ணனாக அவனுக்கு இருக்க வேண்டும் என்று விரும்புகிறான். கென்னி விரைவில் கற்றுக்கொள்கிறான். கற்றதும், தன்னை முன்பு துன்புறுத்திய டேனியலின் மகன் அந்தோனியைப் பிடித்து அடித்து நொறுக்குகிறான். அவன் முகத்தில் அப்போது தெரியும் களிப்பு பார்க்கவே அச்சமூட்டுவது. மிரட்டப்பட்டவன் மிரட்டுபவனாகும் இந்த மாற்றத்தை எந்தப் பின்னணி உரையும் இன்றி, இரண்டு சிறுவர்களின் உடல்களைக் கொண்டே காட்டிவிடுகிறார்கள். தான் எதை ஊட்டி வளர்த்தோம் என்று உணரும் ராபி, அதுவரை வெறுத்து ஒதுக்கிய தந்தையின் தோளில் சாய்ந்து அழுகிறான். சிறியோருள் ஒருவருக்கு இடறலாக இருப்பவன் கழுத்தில் எந்திரக்கல்லைக் கட்டுவது பற்றி ஆண்டவர் சொன்ன கடுஞ்சொல்லை, நாம் எப்போதும் நேரடியாகத் தீமை செய்பவர்களுக்கே பொருத்திப் பார்க்கிறோம். அன்போடு கற்றுக்கொடுத்தவனும் அதன் எல்லைக்குள் வரக்கூடும் என்பதை ராபியின் அழுகையில்தான் நான் பார்த்தேன்.

இந்தப் பகுதி முடிந்ததும் பேரன், தன் கராத்தே வகுப்பில் ஒரு பையன் கென்னியைப் போல இருக்கிறான் என்றான். தன்னைச் சொல்கிறானோ என்று எனக்கு ஒரு சந்தேகம். கேட்கவில்லை.

ஐந்தாம் பருவத்தில் அவனது பழைய கேள்விக்கு ஒருவகை விடை வந்தது. ஜானி, மிகேலின் தாயோடு வாழத் தொடங்கியிருக்கிறார்; மாணவனும் மகனும் ஒரே குடும்பத்தவராகப் போகிறார்கள். இருவரும் ஒருவரை ஒருவர் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. ஒரே மேசையில் உட்கார்த்தி வைத்தால் ஒத்துவரவில்லை. அறிவுரையும் எடுபடவில்லை. கடைசியில் மோதித் தீர்த்துக்கொள்ளட்டும் என்று ஜானி விட்டுவிடுகிறார். எந்தப் பங்குத்தந்தையும் பரிந்துரைக்கமாட்டாத வழி. அடிக்கிறார்கள், பேசாமல் வைத்திருந்ததையெல்லாம் பேசுகிறார்கள். மீண்டும் ஒரு மேல்மாடி, மீண்டும் ஒரு கைப்பிடி. இம்முறை விளிம்பில் ராபி. மிகேலின் கை ஓங்கியிருக்கிறது. தள்ளவில்லை. ஒருமுறை இரக்கம் காட்டி முதுகு முறிந்தவன், அது எதில் முடியக்கூடும் என்று முழுதும் அறிந்த பின்னரும் இரண்டாம் முறை காட்டுகிறான். முதல் முறை அது ஆசான் சொன்ன பாடம். இரண்டாம் முறை அவனுடையது. முந்தைய மூன்று பருவங்களின் மருத்துவமனைக் கட்டிலும் ஊன்றுகோலும் இல்லாமல் இந்தக் காட்சிக்கு எந்தப் பொருளும் இருந்திருக்காது.

“இப்ப அவன் தள்ளியிருந்தா சரிக்குச் சரி ஆயிருக்கும்” என்றான் பேரன். பிறகு தானே, “ஆனா ரெண்டு பேரும் ஒரே வீட்டுலல்ல இருக்கணும்” என்றான். நம் சிற்றூர்களில் வரப்புத் தகராறு தொடங்கிப் பல ஆண்டுகள் பேசாமல் இருக்கும் பங்காளிகளுக்கும் இந்தக் கணக்கு தெரியும். ஒரே கோவிலில் எதிரெதிர் வரிசையில் அமர்ந்து, திருப்பலியில் சமாதான வாழ்த்துச் சொல்லும் நேரம் வந்ததும் இருவரும் பீடத்தையே உற்றுப் பார்ப்பார்கள். ஒரே தெருவில்தான் இருக்க வேண்டும்; ஒரே கல்லறைத் தோட்டத்துக்குத்தான் போக வேண்டும்.

பிந்திய பருவங்களில் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. டெர்ரி சில்வர் என்னும் செல்வந்தரின் சூழ்ச்சிகள் சில இடங்களில் தெருக்கூத்து அரக்கனை நினைவூட்டுகின்றன. இத்தனை பிள்ளைகள் இத்தனை இடங்களில் அடித்துக்கொள்ளும்போது காவல்துறையினர் எங்கே போனார்கள் என்று தெரியவில்லை. ஆறாம் பருவத்தை மூன்றாகப் பிளந்து 2024 ஜூலையிலும் நவம்பரிலும் 2025 பிப்ரவரியிலும் வெளியிட்டது கதைக்காக அன்று, வணிகத்துக்காக என்றே தோன்றுகிறது. முதல் பாகம் நொண்டியடிக்கிறது. பார்சலோனாவில் நடக்கும் உலகப் போட்டியில் கலவரம் மூள்கிறது. கிரீஸ் வைத்திருந்த கத்தி கீழே விழ, குவான் என்னும் இளைஞன் அதை எடுத்துப் பாய்ந்து, தடுமாறி அதன்மேலேயே விழுந்து இறக்கிறான். அவ்வளவு பெரிய சாவை வைத்துக்கொண்டு, போட்டி சில பகுதிகளுக்குள் வேறு ஊரில் மீண்டும் தொடங்கிவிடுகிறது. அந்தப் பிள்ளையைப் பெற்றவர்களுக்கு இந்தக் கதையில் இடமில்லை. ஓர் இளைஞனின் சவப்பெட்டியை நம் கோவில் முற்றத்தில் இறக்கிவைத்துப் பார்த்த எவராலும் இதை ஏற்க முடியாது. இரக்கத்தைப் பற்றி இவ்வளவு நுட்பமாகச் சிந்தித்தவர்கள் துக்கத்தைப் பற்றி அவசரப்பட்டுவிட்டார்கள்.

ஆனால் அந்தக் கத்திதான் கிரீஸை உடைக்கிறது. வியட்நாம் முதல் தொடர்ந்து வந்த இரக்கமின்மை, தம் கண்முன் ஒரு மாணவனின் மார்பில் முடிந்ததை அவர் பார்க்கிறார். முதிர்ந்த வயதில் ஜானியிடம் வந்து, கண்ணீரோடு மன்னிப்புக் கேட்கிறார். மார்ட்டின் கோவ் என்னும் நடிகர் நாற்பது ஆண்டுகளாக ஒரே இறுகிய முகத்தோடு ஏற்று நடித்த பாத்திரம் அது. அந்த முகம் இளகும்போது நம்பமுடிகிறது. ஏனெனில் அதற்குரிய காலத்தை எடுத்துக்கொண்டார்கள். 1984இல் தோற்ற மாணவனின் கழுத்தை நெரித்த அதே கைகள் இப்போது நடுங்குகின்றன. ஜானியும் உடைந்துபோகிறார். அவருக்கு வேண்டியிருந்தது வெற்றிக்கோப்பை அன்று, இந்த ஒரு சொல்தான் என்பது அப்போது தெரிகிறது. அதன்பின் நடக்கும் இறுதிப் போட்டியில் ஐம்பது வயது கடந்த ஜானியே களமிறங்கி வெல்வது எனக்குச் சற்று மிகையாகப்பட்டது. பேரனோ திண்ணை அதிரக் குதித்தான். அவன் ஆச்சிக்குத் தூக்கம் கலைந்துவிட்டது.

கிரீஸின் முடிவில் மட்டும் எனக்கு இன்னும் உடன்பாடில்லை. ஜானியின் குடும்பத்துக்குத் தீங்கு நினைக்கும் சில்வரைத் தடுக்க, தனியே அவருடைய படகில் ஏறுகிறார் கிரீஸ். பழைய நண்பர்கள் இருவரும் மோதுகிறார்கள். படகு வெடித்து இருவரும் மாண்டு போகிறார்கள். பிறருக்காக உயிரைக் கொடுத்தார் என்று சொல்லிவிடலாம். பார்த்தவர்கள் பலர் நிறைவோடு அப்படித்தான் எண்ணியிருப்பார்கள். எனக்கோ, மன்னிப்புப் பெற்ற மனிதரை வெடிமருந்து வைத்து அனுப்பிவிட்டார்கள் என்று தோன்றியது. சோஸனுக்கு எஞ்சிய வாழ்நாள் கிடைத்தது. நண்பர்களோடு உட்கார்ந்து உண்ணவும் சிரிக்கவும், பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கவும். கிரீஸுக்கு அது கிடைக்கவில்லை. இன்னும் ஒரு பருவம் எடுத்திருந்தால், அந்தக் கிழவர் மாலை வேளையில் பயிற்சிக்கூடத்தைப் பெருக்கிக்கொண்டும், சின்னப் பிள்ளைகளுக்கு இடுப்புப் பட்டையைக் கட்டிவிட்டுக்கொண்டும், பெற்றோரின் சந்தேகப் பார்வைகளுக்கு நடுவே வெறுமனே இருந்துகொண்டும் இருப்பதைக் காட்டியிருக்கலாம். அதைப் பார்க்க ஆள் இருந்திருக்க மாட்டார்கள் என்று பேரன் சொல்கிறான். நான் பார்த்திருப்பேன்.